இடது பெடல்

ரேவதியின் மாமனார் சக்கரபாணி சைக்கிளிலிருந்து விழுந்தது கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஒரு சின்ன ஏற்றம் உண்டு. நடந்து போகிறவர்களுக்கு அது ஏற்றமென்றே தெரியாது. சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் அந்த இடம் வந்ததும் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும். அப்படி எழுந்து மிதித்தபோதுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். எதிரே எளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து தூக்கி உட்காரவைத்து, அவர் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துக் கடைசியாகப் பேசிய நம்பரைக் கூப்பிட்டார். அது மகன் கோபியின் நம்பர். கோபி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு வேனைத் திருப்பிக்கொண்டு போய், அப்பாவை முன்சீட்டிலும் சைக்கிளைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மற்றபடி சிராய்ப்புதான். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரிடம், எப்படி நைனா விழுந்தே என்று கோபி கேட்டான்.

"கால் ஏமாத்திடுச்சுடா. இடது கால். மிதிச்சேன், அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி கீழ போயிடுச்சு."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறுபத்தேழு வயது. கால் ஏமாற்றுகிற வயதுதான் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள். மாமியார் சரோஜா அன்றைக்கே சைக்கிளைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, மண்ணெண்ணெய் டின்னுக்கும் உடைந்த ஃபேனுக்கும் நடுவில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சக்கரபாணியும் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் ரேவதிக்கு என்னவோ போலிருந்தது.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், ஊரெல்லாம் வெளியே வர யோசிக்கும்போது, கம்பத்தின் மேல் ஏறி நின்றவர். ஓய்வுக்குப் பிறகும் மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்க ஒரு நாளைக்குப் பல தடவை ஏறி இறங்குவார். அப்படிப்பட்டவர் மாவுக்கட்டு பிரித்த பிறகு ஹாலிலிருந்து குளியலறைக்குப் போக சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, அப்புறம் அடுத்த படி. பிறகு மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார். இடது காலைத் தரையில் வைக்கும் முன் ஒரு கணம் தயங்குவார், அந்தக் கால் வேறு யாருடையதோ என்பதுபோல.

ரேவதி இதையெல்லாம் பார்த்தாள். ஆனால் கேட்க முடியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமனாரும் அவளும் நேருக்கு நேர் பேசியது மிகக் குறைவு. கோபமோ ஒதுக்கமோ கிடையாது. அவருக்கு மருமகளிடம் ஒரு கூச்சம், அவ்வளவுதான். அவள் ஹாலுக்குள் வந்தால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரோஜாவிடம்தான் சொல்லுவார். அவளும் அவருக்குச் சொல்ல வேண்டியதை அத்தையிடமே சொல்லிப் பழகிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ரேவதி வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் கூட்டம் கொஞ்சம் கம்மியானபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. அஜ்மத் பேகம். மாமாவோடு மின்வாரியத்தில் வேலை பார்த்த மதார் சாகிப்பின் மனைவி. பென்ஷன் வேலையாக ஒருமுறை இங்கே வந்தபோது ரேவதியின் நம்பரை வாங்கிப் போயிருந்தார். அண்ணனுக்குக் கை எப்படி இருக்கிறது, வலி விட்டதா, சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பாய் எப்படி இருக்கிறார் என்று ரேவதி கேட்டாள்.

அதற்கு அஜ்மத் பேகம் சொன்னதைக் கேட்டு ரேவதி எழுந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று பேச வேண்டியதாயிற்று.

மதார் சாகிப்புக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடி அண்ணாமலையில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சக்கரபாணி தினமும் காலையில் போவதும் தெரியும். டீ குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர் அங்கே போனது நண்பரை நடக்கவைக்க. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து தெருமுனைக் குழாய் வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மழையானாலும் பனியானாலும் இது நடந்திருக்கிறது.

"அண்ணன் வராததுல இருந்து இவரு கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாரும்மா," என்றார் அஜ்மத் பேகம். "நான் புடிச்சா பயப்படறாரு. எம்மேல விழுந்துடுவோம்னு. சைக்கிள் பெல்லு கேட்டா மட்டும் வாசலைப் பாக்கறாரு. வேற யாராவதுதான் போவாங்க." உடனே, "அண்ணனை வரச் சொல்லி இதைச் சொல்லலம்மா. அவருகிட்ட சொல்லிடாத. கஷ்டப்படுவாரு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ரேவதி அன்று வீட்டுக்குப் போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமா டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோபி, வேன் முதலாளியின் ஷெட்டில் வாட்ச்மேனாக இருக்கும் பரசுராமன் ஒரு சைக்கிள் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், நம் வண்டி சும்மா துருப்பிடித்துக் கிடப்பதற்கு அவருக்காவது உதவட்டும் என்றும் சொன்னான். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், கொஞ்சம் துடைத்து வை என்று ரேவதியிடம் சொல்லிவிட்டு டீசல் போடப் போனான். சரோஜா முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஹாலில் இருந்த சக்கரபாணி இதைக் கேட்டும் கேட்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரேவதி சைக்கிளை வெளியே கொண்டுவந்து வாசலில் வெயில் விழும் இடத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். பழந்துணியால் மட்கார்டைத் துடைத்தாள். சீட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவளின் கை தானாக வேறு வேலையில் இறங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஹாஸ்டலில் தங்கி, கடைசி செக்கிங் பிரிவில் மூன்று வருஷம். வண்டி வெளியே போவதற்கு முன் பிரேக், ஹேண்டில், வீல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இந்த வீட்டில் யாருக்கும் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. அவளுக்கும்தான். ஆனால் இப்போது இன்னொருத்தர் ஏறப்போகிற வண்டி கையில் இருக்கும்போது, வெறுமனே துடைத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை.

முன்சக்கரத்தை முட்டிக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகினாள். அசையவில்லை. பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கோட்டம் இருந்தது, பரவாயில்லை. செயினை விரலால் அழுத்தினாள். பிறகு பெடல் மாட்டியிருக்கும் இரண்டு பக்கத்துக் கிராங்க் தண்டையும் இரண்டு கையால் பிடித்து, ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினாள். வலது பக்கம் கல் மாதிரி நின்றது. இடது பக்கம் 'டக்' என்று நகர்ந்தது.

மறுபடி தள்ளினாள். மறுபடி 'டக்'.

கிராங்க்கை அச்சோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்ன இரும்பு ஆணி, கோட்டர் பின் என்பார்கள். ரேவதி தரையில் மண்டியிட்டுப் பார்த்தாள். இடது பக்கத்துப் பின்னில் நட்டு இல்லை. எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. வீட்டுக்குள் போய்ச் சுத்தியலும் ஒரு மரத்துண்டும் எடுத்துவந்து மெதுவாகத் தட்டினாள். அதிகம் தட்ட வேண்டியிருக்கவில்லை. பின் வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் நசுங்கி, படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. இந்தப் பின்னை வைத்துக்கொண்டு எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். கிராங்க் அச்சை விட்டு நழுவும். மிதிக்கிற கால், அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி கீழே போகும்.

ரேவதி பின்னைத் துணியால் துடைத்தாள். அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு எழுந்து நேராக ஹாலுக்குப் போனாள்.

"மாமா, கொஞ்சம் வாசலுக்கு வர்றீங்களா?"

சக்கரபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண் தானாகச் சமையலறைப் பக்கம், சரோஜாவைத் தேடிப் போனது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். ரேவதி வாசல்படியில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். கிராங்க் எப்படி ஆடியது என்று காட்டினாள். பின்னை அவர் கையில் வைத்தாள். கம்பெனியில் செக்கிங்கில் பேசுகிற மாதிரியே, ஏற்ற இறக்கமில்லாமல், நட்டு கழன்றிருந்தது, பின் தேய்ந்திருந்தது, அன்றைக்கு ஏற்றத்தில் அது விட்டுவிட்டது என்று சொன்னாள். அப்புறம்தான் அவள் குரல் கொஞ்சம் மாறியது.

"கால் ஏமாத்தல மாமா. இதுதான் ஏமாத்தியிருக்குது."

அவர் பின்னைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டை விரலால் தடவினார். திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப கால் இல்லையா?"

"இல்ல மாமா."

அவர் இடது காலை நீட்டி ஒருமுறை பார்த்தார். வேட்டியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மலையைப் பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். ரேவதி துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த மட்கார்டையே மறுபடி துடைத்தாள்.

"கம்பத்துல ஏறதுக்கு முன்னாடி பெல்ட்டை இழுத்துப் பாப்போம்," என்றார் சக்கரபாணி. "லைன் ஆஃப் ஆயிடுச்சான்னு போன் பண்ணிக் கேப்போம். கேட்டுட்டு மறுபடி கேப்போம். எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் ஏறுவோம். இந்த வண்டியை நான் ஒருநாள் கூட குனிஞ்சு பாத்ததில்லம்மா." ரேவதியிடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பேச்சோடு விட்டிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ரேவதி முழுதாகப் பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டுப் பழகாதவள். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். அவர் வலது கையால் பிடித்தார். பாதி தூரம்தான் வந்தது. இடது கையால் பிடித்தார். விரல்கள் வளைந்தன, லிவர் அசையவே இல்லை. ரேவதி தானும் பிடித்துப் பார்த்தாள். ஒயர் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது உண்மைதான். ஆனாலும் அவள் பிடித்தபோது பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டது.

அவர் அதைக் கவனித்துவிட்டார். மறைக்கவும் முயலவில்லை. கையில் அடிபட்டதற்கு முன்னாலேயே காலை நேரத்தில் விரல்கள் மரத்துப்போவதாகவும், ரொம்ப நாளாகவே பிரேக்கைப் பிடிக்காமல் காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்ததாகவும் மெதுவான குரலில் சொன்னார்.

"பின்னு வண்டியோட தப்பு. இது என்னுது," என்றார்.

"ரெண்டையும் சரி பண்ணலாம் மாமா. வண்டியை உங்க கைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம். ஆனா நான் சொல்றதை நீங்க கேக்கணும். நிறுத்த முடியலன்னா, முடியலன்னு சொல்லிடணும்."

அவர் தலையை ஆட்டினார்.

கோபியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பின்னைக் காட்டினாள். அவன் பார்த்தான், புரிந்துகொண்டான், ஆனாலும் அப்பா மறுபடி ஓட்ட வேண்டாம் என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு வேனை நிறுத்திவிட்டு ஓடியபோது, அப்பா ரோட்டோரமாகத் தலையெல்லாம் மண்ணோடு, ஒரு செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்த கோலத்தைச் சொன்னான். இன்னொரு தடவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான் என்றான். ரேவதிக்கு அஜ்மத் பேகம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. அது மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்பதற்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சமையலறையில் அவனிடமும் அத்தையிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.

சரோஜா குழம்பைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள். "எங்கிட்ட இன்னா சொன்னாருன்னா, பாய் வீட்டு டீ நல்லா இருக்குதுன்னாரு," என்றாள். "நம்ம வீட்டு டீக்கு இன்னா கொறைச்சல்னு நான் எத்தினி தடவை சண்டை போட்டிருக்கேன்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி கரண்டியை எடுத்தாள்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வண்டியை முழுதாகச் சரிபார்ப்பது. மாமா அதை ஓட்டிக்காட்டுவது. ரேவதி நிறுத்தச் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தாவிட்டால், அவளே அதைக் கொண்டுபோய்ப் பரசுராமனிடம் கொடுத்துவிடுவது.

சின்னக்கடைத் தெருவில் முபினின் சைக்கிள் கடை. மாமா தானும் வருவேன் என்று கோபியின் வேனில் ஏறிக்கொண்டார். இரண்டு பக்கமும் புதுக் கோட்டர் பின், புது ஒயர், புதுப் பிரேக் கட்டைகள், பின்சக்கரத்துக்கு டயர். முபின் ஒயரை எண்ணெய் தடவி ஏற்றி முடித்ததும், லிவரை ஹேண்டிலுக்குக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னாள் ரேவதி. அவன் ஒரு சின்ன ஸ்குரூவைத் திருப்பினான். மாமா ஸ்டூலில் உட்கார்ந்தபடி பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கிட்ட என்றார். அவன் திருப்பினான். அவர் பிடித்தார். இன்னும் கொஞ்சம். வந்த வாடிக்கையாளர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். முபின் பொறுமையாகத்தான் இருந்தான்.

சீட்டை இறக்கும்போது மட்டும் மாமா முகம் சுளித்தார். இவ்வளவு கீழே இருந்தால் மிதிக்கும்போது முட்டி மேலே வந்து இடிக்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையைத் தொட வேண்டும், அதில் மாற்றமில்லை என்றாள் ரேவதி. முபின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா பெருமூச்சு விட்டு, சரி, இறக்குப்பா என்றார்.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில் டாக்டர் ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொல்லியிருந்தார். அது டிவிக்குப் பின்னால் தூசியோடு கிடந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து அது மாமாவின் கையிலேயே இருந்தது. சாப்பிடும்போது சரோஜா பிடுங்கி வைத்தால், கை கழுவியதும் மறுபடி எடுத்துக்கொள்வார்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வருமாகப் போனார்கள். வேங்கிக்காலைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்துப் போட்டிருக்கும் இடம். தார் ரோடு போட்டு, நம்பர் கல் நட்டிருந்தார்கள். வீடு ஒன்றுகூட வந்திருக்கவில்லை. ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. கோபி வேனில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சரோஜா வேனை விட்டு இறங்கவேயில்லை.

சக்கரபாணி சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில். ஒரு காலைத் தூக்கி வலது பெடலில் வைத்தார். இடது காலைத் தூக்க முடியவில்லை. அது தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பின் தேய்ந்ததுதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். பார்த்திருக்கிறார், தடவியிருக்கிறார். காலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

ரேவதி பின்னால் வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புடிச்சிக்கறேன் மாமா."

அவர் திரும்பாமலே கேட்டார். "புடிச்சிட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டே விட்டுட மாட்டியே? கோபிக்குக் கத்துக்குடுக்கறப்ப நான் அப்படித்தான் விட்டேன். இப்ப நெனச்சா தப்புன்னு தோணுது."

"விடறப்ப சொல்லிட்டுத்தான் விடுவேன்."

அவர் காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். வண்டி நகர்ந்தது. முதலில் பாம்பு மாதிரி வளைந்தது. ரேவதி சேலையைச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே வேகமாக நடந்தாள், அப்புறம் ஓடினாள். இடது பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் அவர் தோள் ஒரு துளி இறுகுவது அவளுக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. ரோட்டின் வளைவு வருவதற்குள் அந்த இறுக்கம் போய்விட்டது.

"மாமா, விடறேன்."

"ம்."

"விட்டுட்டேன்."

அவர் போய்க்கொண்டே இருந்தார். முட்டி கொஞ்சம் மேலே வந்தது, அவர் சொன்னது சரிதான். யாரும் சிரிக்கவில்லை. கோபி கையைப் பிரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தான். சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வரும்போது ரேவதி ரோட்டின் நடுவில் ஒரு நம்பர் கல்லுக்கு நேராக நின்று கையைக் காட்டினாள். அவர் இரண்டு பிரேக்கையும் பிடித்தார். வண்டி கல்லைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

"தாண்டிட்டேன்," என்றார் அவரே.

மறுபடி ஒரு சுற்று போகச் சொன்னாள். இந்த முறை கல்லுக்கு நேராக நின்றது. இன்னொரு தடவை, ஓர் ஆடு குறுக்கே வந்தபோது, யாரும் சொல்லாமலே நின்றது. சரோஜா வேனின் ஜன்னலிலிருந்து, "போதும், வெயில் ஏறுது, வீட்டுக்கு வாங்க," என்றாள். அதிலேயே சம்மதம் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் கோபி சொன்னான். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வரும் நாட்களில் சைக்கிள் வேண்டாம், அன்றைக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அடுத்த நாள் காலையில் சக்கரபாணி கிளம்பினார். கிளம்பும் முன் வண்டியின் பக்கத்தில் குனிந்து, இரண்டு கிராங்க்கையும் பிடித்து எதிரெதிராக ஆட்டிப் பார்த்தார். டயரை அமுக்கினார். வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தார். ரேவதி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் மட்டும் கோபியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

குபேர லிங்கம் தாண்டி மலையைச் சுற்றி வரும் ரோடு. காலையிலேயே சிலர் வெறுங்காலோடு கிரிவலம் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிர்த்திசையில் மாமா ஓரமாக, அவசரமில்லாமல் மிதித்துக்கொண்டு போனார். அடி அண்ணாமலையில் ஒரு தெருவுக்குள் திரும்பி, பச்சைக் கதவு போட்ட வீட்டு முன்னால் பிரேக் பிடித்து இறங்கினார். பெல் அடித்தார்.

அஜ்மத் பேகம் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், கட்டிலில் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார் மதார் சாகிப். ஒல்லியாகி, வெள்ளைத் தாடி வளர்ந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததால் பேச்சு தெளிவாக வரவில்லை. அவர் சொன்னது ரேவதிக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது.

"வந்துட்டேன் பாய். வண்டி மக்கர் பண்ணிடுச்சு," என்றார்.

கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியபோது மாமாவின் இடது மணிக்கட்டு நண்பரின் எடையைத் தாங்கவில்லை. இருவரும் ஒரு கணம் தள்ளாடினார்கள். ரேவதி ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தாள். மூவருமாக வாசலுக்கு வந்து நின்றதும், மதார் சாகிப் தன் நல்ல கையை நீட்டி, அங்கே நின்றிருந்த சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். இறக்கி வைத்த சீட்டு அவர் கைக்குச் சரியான உயரத்தில் இருந்தது. மாமா இதைப் பார்த்தார். ரேவதியையும் பார்த்தார். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே நடந்தார்கள். சைக்கிள் நடுவில். ஒரு பக்கம் சீட்டைப் பிடித்தபடி, விழுந்துபோன காலை இழுத்து இழுத்து வைக்கும் மதார் சாகிப். அவர் தோளுக்குப் பக்கத்தில் ரேவதி. அந்தப் பக்கம் ஹேண்டிலோடு மாமா. நண்பரின் கால் தயங்கும்போதெல்லாம் மாமாவின் விரல்கள் பிரேக்கில் மெல்ல வளைந்தன. சைக்கிள் நின்று காத்திருந்தது. கால் முன்னே வந்ததும் விரல்கள் விலகின. தெருமுனைக் குழாய்க்குப் போகும்வரை ஒரு தடவைகூட வண்டி அவரை விட்டு முன்னால் ஓடவில்லை.

திரும்பி வந்து மதார் சாகிப்பைக் கட்டிலில் உட்காரவைத்தபோது எல்லாருக்குமே மூச்சு வாங்கியது. அஜ்மத் பேகம் டீ கொண்டுவந்தார். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. நன்றாகத்தான் இருந்தது, அத்தையிடம் சொல்லக்கூடாது என்று ரேவதி நினைத்துக்கொண்டாள். மதார் சாகிப் டம்ளரைப் பிடித்தபடி ரேவதியைக் காட்டி என்னவோ கேட்டார்.

"எம் மருமக," என்றார் சக்கரபாணி. வேறு எதுவும் சேர்க்காமல் டீயைக் குடித்தார்.

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரேவதி எழுந்தாள். மாமாவும் கூடவே கிளம்புவாரா, இல்லை தான் காத்திருக்க வேண்டுமா என்று யோசித்து நின்றவளை அவர் பார்த்தார்.

"நீ கெளம்பும்மா. நான் பேப்பர் படிச்சுக் காட்டிட்டு வர்றேன்."

ரேவதி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சரோஜா கேட்டுக்கு வந்து எட்டிப்பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது.

"எங்க அவரு?"

"வருவாரு அத்தே," என்று சொல்லிவிட்டு ரேவதி குளிக்கப் போனாள்.